கணவன்மார் வாங்கிக்கொண்ட பொன்னாடை

எங்கள் டாலஸ் சங்கீத சபையின் தலைவருக்குத் தெரிந்த ஒரே கலை பொன்னாடை போர்த்துவது. எது ராகம், எது தாளம் என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். ஆனால் விழா என்றால் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சபையும் இல்லை, தலைவரும் இல்லை. பாடுவதற்கு நான், அதுவும் சுமாராக. மிருதங்கத்துக்கு என் தோழி. டாலஸை ஒட்டிய காப்பெலில் அவள் வீட்டு கராஜிலிருந்து காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, ஜமக்காளம் விரித்து நாங்கள் நடத்தியவைதான் ஊரின் முதல் கச்சேரிகள். ஒரு கையால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவைப் பசை ஒட்டிக்கொண்டே, மறுகையால் கணவருக்குப் போன் போட்டு டேகேரிலிருந்து குழந்தையை அழைத்துவரச் சொல்லுவாள். அவர் எப்போதும் மீட்டிங்கில் இருப்பார்.

பிறகு சபை முளைத்தது. இந்தியாவிலிருந்து வித்வான்கள் வந்தார்கள். "லேடீஸ் வாசிச்சா வித்வான் பாட மாட்டாராம்மா, தப்பா நினைச்சுக்காதே" என்று தோழியிடம் சொல்லிவிட்டு, தலைவர் ஹூஸ்டனிலிருந்து ஓர் ஆண் மிருதங்கக்காரரை வரவழைத்தார். தோழியை டிஃபன் கமிட்டியில் போட்டார்கள். மேடை ஏறக்கூடாத கை சட்னி அரைக்கலாமாம். பெரிய மனிதர்கள்!

ஒரு வருடம் ஞானோதயம் வந்து, ஊரின் சங்கீத முன்னோடிப் பெண்கள் என்று எங்கள் இருவருக்கும் பாராட்டு அறிவித்தார்கள். பாராட்டு முடிந்ததும் தோழியின் தனி ஆவர்த்தனம். பாட்டு இல்லாமல் மிருதங்கம் மட்டும். பல வாரங்கள் விரல் வீங்கப் பயிற்சி செய்தாள். "ஒரே ஒரு தடவை இந்த ஊர் என்னை மேடைல வச்சுக் கேக்கணும்டி" என்றாள்.

விழா அன்று தலைவர் பொன்னாடையை விரித்தார். எங்களைப் பார்த்தார். நெளிந்தார். அடுத்தவன் பெண்டாட்டி தோளில் ஆண்பிள்ளை சால்வை போடலாமா? இதற்கென்று ஒரு மாமியைக் கூப்பிடுவது வழக்கம். அன்றைக்கு மாமிகள் எல்லாம் சமையலறையில் இருந்தார்கள். போய்க் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

"ஹஸ்பண்ட்ஸ் ரெண்டு பேரும் கொஞ்சம் மேடைக்கு வாங்கோ" என்றார் தலைவர்.

இரண்டு சால்வையும் இரண்டு ஆண்களுக்குப் போயின. கைதட்டல் வேறு. என் வீட்டுக்காரர் கொஞ்சமும் கூசாமல் கும்பிட்டார். தோழியின் கணவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நான் மட்டும் கராஜை காலி பண்ணிக் குடுக்கலேன்னா இந்த ஊருக்கு மியூசிக்கே வந்திருக்காது" என்று தொடங்கியவர், சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவில்லை.

"தனியை நெக்ஸ்ட் இயர் வச்சுக்கலாம்மா, சாம்பார் ஆறிடும்" என்றார் தலைவர். கூட்டம் தட்டைத் தேடி எழுந்தது. தோழி மிருதங்கத்தை உறைக்குள் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சாம்பாரை நான் தொடவில்லை.

அடுத்த வருடம் விழாவுக்கு முந்தைய நாள் ஹூஸ்டன்காரர் கையை விரித்துவிட்டார். நான் தோழி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தலைவரின் போன் வந்தது. லேடீஸ் வாசித்தாலும் பரவாயில்லை என்று வித்வானே சொல்லிவிட்டாராம்.

"சால்வை யாருக்குப் போட்டீங்களோ அவரையே வாசிக்கச் சொல்லுங்க அங்கிள். இதோ, பக்கத்துலதான் இருக்கார்" என்று தோழி ரிசீவரைக் கணவர் கையில் திணித்தாள். அன்றைக்கு மைக்கை விடாத மனிதர் அதைக் காதில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றார். அவள் கராஜுக்குப் போய் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்தாள். நான் காப்பியை வைத்துவிட்டுக் கேட்கப் போனேன்.