மச்சான் கொண்டுபோன சிவப்பு

மச்சான் காய்ச்சலில் மௌத்தான பிறகு, அவர் மருதமுனையில் செய்துவந்த நூற்சாய வேலை என் தலையில் விழுந்தது. அவர் மனைவி, என் அக்கா ராத்தா, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் அறைக்குள் இருந்தாள். மூன்று பிள்ளைகள். அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சாயத்தொட்டியால்தான். மச்சான் கைக்கணக்கில் செய்ததை, இரசாயனம் படித்த நான் நிறுத்து அளந்து செய்வேன் என்று கொஞ்சம் திமிராகவே தொடங்கினேன்.

நூலை முதலில் நப்தால் கரைசலில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பிறகு ஐஸ் போட்ட இன்னொரு கரைசலில் அமிழ்த்தினால், நிறம் நூலுக்குள்ளேயே பிறக்கும். எனக்கும் சிவப்பு பிறந்தது. அலசியதும் கழன்று ஓடியது! நூல் காய்ந்த ஈரல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. ஓடிய சிவப்பு, முற்றத்தில் மச்சானின் உடலை, மய்யித்தை, குளிப்பாட்டிய இடத்தில் போய்த் தேங்கியது. நான் சாயம் போட்டுப் பார்த்த மூன்று நாளும் அங்கேதான். மணல் அந்தப் பக்கம் சரிவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மஃரிபு பாங்கு கேட்கும் அந்தி நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு நெசவாளி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சிவப்ப மய்யித்து கொண்டு போயிட்டு, தம்பி. இனி அது ஒருத்தருக்கும் வராது."

கதை ராத்தாவின் காதுக்கும் போய், ஊரெல்லாம் பரவியது. கலியாணப் புடவைக்கு நூல் தந்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினேன். அந்த நூலும் போனால் ராத்தாவிடம் வேறு யாரும் வரமாட்டார்கள்.

சூடு ஏறினால் பழுப்பு சேரும் என்று படித்திருந்தேன். மீன் லொறிக்காரரிடம் ஐஸ் வாங்கி இரட்டிப்பாகப் போட்டேன். பலனில்லை. ஐஸ் கரைசலுக்குப் புதுத் தூள் டின் உடைத்தேன். அதே ஈரல் நிறம். அப்போதுதான் நப்தால் சட்டியைக் குனிந்து பார்த்தேன். அடியில் திரைந்த பால் போல ஏதோ கிடந்தது. நூலுக்குள் இறங்க வேண்டிய நப்தால் கிணற்றுத் தண்ணீரிலேயே கட்டிப்பட்டிருந்தது. நூலின் மேலே ஒட்டிய தூள் மட்டும் சிவந்து, அலசும்போது போயிருக்கிறது.

பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரில் நப்தாலைக் கரைத்து, ஒரு கழி நூலுக்குச் சாயம் போட்டேன். அலசினேன். சிவப்பு அசையவில்லை. மச்சானின் சிவப்பேதான்.

சந்தோஷப்பட வேண்டியவனுக்கு மயிர் கூச்செறிந்தது. மச்சானும் இதே கிணற்றில்தான் அள்ளினார். அவர் போன பிறகு தண்ணீருக்கு என்ன வந்தது? கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினேன். சட்டியில் வெள்ளையாகப் படிந்தது. சுண்ணாம்பு.

மய்யித்துக் குளிப்பாட்டிய தண்ணீர் இறங்கக் குழி வெட்டியிருந்தோம். காய்ச்சல் பரவும் என்று பயந்து, அதில் இரண்டு கூடை சுண்ணாம்பைக் கொட்டி மூடியவன் நான்தான். கிணறு நாலெட்டுத் தூரம். மழை அதைக் கரைத்து மணல் வழியே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நெசவாளி சொன்னது ஒரு விதத்தில் சரி, கோளாறு மய்யித்தின் குழியிலிருந்துதான் வந்தது.

சிவந்த கழியை எடுத்துக்கொண்டு ராத்தாவின் அறைக்கு ஓடினேன். சுண்ணாம்பு, குழி, மழை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்ப, அவர் இல்லயா?"

"இல்ல ராத்தா. வெறும் சுண்ணாம்பு."

கழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"சிவப்பு கழண்டு போன நாளெல்லாம், அவர் முத்தத்துலதான் நிக்கிறார் எண்டு நெனச்சிட்டு இருந்தன், தம்பி."

அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.