டாக்குமெண்டாக அனுப்பவும்

பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு நான் கம்ப்யூட்டரில் வைரஸ் எடுக்கிறவன். போன் சூடாகிறது, டிவியில் சேனல் வரவில்லை என்றெல்லாம் வந்து நிற்பார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நான் செய்வது வேறு. படங்களைத் திறக்க, சுருக்க, வெட்ட உதவுகிற ஒரு மென்பொருள் நூலகம் இருக்கிறது. போட்டோவைத் தொடுகிற எத்தனையோ புரோகிராம்கள் அதைத் தமக்குள் வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன. நேரில் பார்த்துக்கொள்ளாத சில பேர் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து அதைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறோம். அதில் வருகிற பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது என் பங்கு.

போன வருஷம் ஒரு ஓட்டை வந்தது. எந்தப் படக் கோப்பும் தொடக்கத்திலேயே தன் அகலத்தையும் உயரத்தையும் சொல்லிவிடும். அதை நம்பித்தான் நூலகம் இடம் ஒதுக்குகிறது. கோப்பு பொய் சொன்னால், பத்துப் பேர் என்று சொல்லி இலை போடவைத்துவிட்டு நூறு பேர் பந்தியில் புகுந்த கதைதான். மிச்சம் பக்கத்து இடங்களில் போய் விழும். அந்த மிச்சத்தில் ஒரு திருடன் தன் கட்டளைகளை ஒளித்து வைத்திருந்தால், படத்தைத் திறந்த நொடியில் அந்தக் கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய்விடும். முன்பின் தெரியாத ஒருவர் இதைக் கண்டுபிடித்து எங்களுக்கு எழுதினார். அடைத்தேன். அதே பொய் வேறொரு வழியாக உள்ளே வந்தது. அதையும் அடைத்து, புதிய பதிப்பை வெளியிட்டு, எல்லோரும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தோம். அப்படி அறிவிக்கும்போது ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். மாற்றாதவர்கள் அதோகதிதான். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

மாற்றாதவர்களில் ஒருத்தி என் அக்கா. அரியலூரில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறாள். மாமா இறந்த பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. கல்யாணம், காதுகுத்து எல்லாம் வரும் என்றாலும் கண்ணீர் அஞ்சலிதான் அதிகம். அவள் பேனர் வடிவமைக்கிற புரோகிராம் அரதப் பழசு. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. அதன் வயிற்றுக்குள் எங்கள் நூலகத்தின் பழைய பிரதி ஓட்டையோடு உட்கார்ந்திருந்தது. நான் நேரில் போய்ப் புதியதை உள்ளே வைத்துப் பார்த்தேன். புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வேறு புரோகிராம் போட்டுத் தருகிறேன் என்றால், இதில்தான் கை பழகியிருக்கிறது என்று அவள் அடம்பிடித்தாள்.

கடைச் சுவரில் கொட்டை எழுத்தில், ‘போட்டோவை டாக்குமெண்டாக அனுப்பவும்’ என்று ஒட்டியிருப்பாள். இந்தப் பக்கத்துப் பேனர் கடைகள் எல்லாவற்றிலும் அதைப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் புதிதாகச் செய்யப்பட்டு வரும். உள்ளே விஷம் இருந்தாலும் பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அச்சு அசலாக வந்து சேரும், முகமும் விஷமும் சேர்ந்தே.

“டாக்குமெண்டா வாங்காதக்கா. தெரியாத நம்பர்லேருந்து வந்தா தெறக்காத.”

“ஏன்டா, சாவு வூட்டுலேருந்து போட்டோ அனுப்புறாங்க. நீ யாரு எவருன்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? பொணம் எடுக்கறதுக்குள்ள பேனர் கட்டியாகணும். அதுல மூஞ்சி கலங்கலா இருந்தா ஊரே காறித் துப்பும்.”

துக்க வீட்டில் யார் கையில் போன் இருக்கிறதோ அவர்தான் அனுப்புவார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், துபாயில் இருக்கிற மருமகனாக இருக்கலாம். சாவுச் செய்தியைச் சந்தேகப்படுகிற வழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்ட எவனோதான் அனுப்பியிருக்க வேண்டும். அப்பா தவறிவிட்டார், பேனர் அவசரம் என்று ஒரு காலையில் செய்தி வந்தது, கூடவே டாக்குமெண்டாக ஒரு படம். அக்கா திறந்தாள். படம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டு, பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் வந்து நின்றது. பிரதி எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதிலேயே செருகி இருந்ததால் அதுவும் போயிற்று. நான் பஸ் பிடித்துப் போனபோது அக்கா மிஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தொழில் போனதைக்கூட அவள் பேசவில்லை.

“அப்பன் செத்துட்டான்னு பொய் சொல்லிட்டான்டா. அதக்கூடவாடா பொய் சொல்லுவாங்க?”

திருப்பி எடுக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அடுத்த வாரம் விக்கிரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சிமெண்ட் லாரியில் அடிபட்டு மகன் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, நினைவு அஞ்சலி பேனர் வேண்டும் என்றார். மகனுடைய போனும் அவனோடு நசுங்கிவிட்டது. போன வருஷம் கண்ணீர் அஞ்சலிப் பேனருக்காக அவன் நண்பன் அனுப்பிய திருவிழாப் படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் அக்கா வெட்டி எடுத்திருந்தாள். பூட்டிக்கொண்ட கோப்புகளில் அதுவும் ஒன்று. அந்த நண்பனிடமும் இப்போது படம் இல்லை. ஆதார் கார்டை நீட்டிவிட்டு அவரே அதை வேண்டாம் என்றார்.

“இது என் புள்ள மாதிரியே இல்லீங்க. அவன் சிரிச்ச மூஞ்சி.”

நடந்ததை நான்தான் சொன்னேன். பழைய பேனர் இருந்தால் கொண்டு வாருங்கள், அதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். படத்தோடு மல்லுக்கட்டுவதுதானே என் வேலை என்கிற தைரியம்.

மறுநாள் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மழைக்கு ஆட்டுக் கொட்டகை மேல் போட்டிருந்தாராம். மகன் முகத்தில் வெயில் படக்கூடாது என்று முகத்தை உள்பக்கமாக வைத்துத்தான் போட்டாராம். கடைத் தரையில் விரித்தோம். வெயில் சூட்டிலும் ஈரத்திலும் இற்றுப்போன மை, விரிக்க விரிக்கப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஊரும் தேதியும் இருந்தன. முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் துணி. போனில் படமெடுத்து எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். இல்லாததை எங்கிருந்து எடுப்பது? முடியாதும்மா என்று சொன்னேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து அந்த வெள்ளையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

“கொட்டாயில இருந்தவரைக்கும் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் தெரிஞ்சிச்சு தம்பி. ஆட்டைக் கட்டப் போறப்பல்லாம் பாப்பேன். கொண்டாந்துட்டேனே.”