கள்ளனுக்கு வராத குரல்

போன மாதம் ஒரு நாள் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குசினிக்குப் போய்விட்டாள். எத்தனை வருடக் குடித்தனம்!

விஷயம் இதுதான். அண்ணன் மெல்பேர்னில், தம்பி லண்டனில், ரோஸியக்கா டொரொண்டோவில், நான் கொழும்பு வெள்ளவத்தையில். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒன்றாகக் கதைக்க, என் மகள் ஷாலினி ஒரு கொன்ஃபரன்ஸ் லைன் ஒழுங்கு செய்து தந்தாள். நேரம் வந்ததும் அதுவே எல்லோருக்கும் கோல் எடுக்கும். ஒரு மெஷின் பெண் இங்கிலீஷில் ஒன்றை அழுத்தச் சொல்வாள். அழுத்தினால் உள்ளே வரலாம். ஸ்மார்ட் போன் வைத்திராத அக்காவை நினைத்துத்தான் இந்த ஏற்பாடே. அத்தான் காலமான பிறகு அவர் தனியாக இருக்கிறார்.

ஆனால் அக்கா மட்டும் வரவே இல்லை. போனை எடுப்பார்... உடனே வைத்துவிடுவார்.

காரணம் அவருடைய மகன். மெஷின் கதைத்தால் அது ஏமாற்றுக்காரர்தான், ஒரு நம்பரையும் அமத்தாமல் வைத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான். நாங்களும் விளக்கிச் சொன்னோம். "ஓம் ஓம், விளங்குது" என்றார். அடுத்த ஞாயிறும் அதே கதை.

"அவவுக்கு எங்களோட கதைக்க விருப்பமில்லைப் போல. நம்பரை எடுத்துவிடு, ஏன் கரைச்சல்?" என்றார் அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா வேலைக்குப் போன காலத்தில் எனக்குச் சோறு குழைத்து வாயில் தீத்திய கை அது. எப்படி எடுத்துவிடுவது?

மெஷின் பெண்ணுக்குப் பதில் நாங்களே குரல் பதிந்து போடலாம் என்றாள் ஷாலினி. அலுமாரித் துணிகளுக்குள் பேசினால் எதிரொலிக்காதாம். ஃபேனையும் நிறுத்திவிட்டாள். வியர்க்க வியர்க்கப் பதிந்தேன் — "வணக்கம். தங்களது குடும்பக் கலந்துரையாடலில் இணைந்துகொள்ள, இலக்கம் ஒன்றை அழுத்தவும்." ஒருமுறை கரையோர ரயில் கெடுத்தது. ஒருமுறை காகம். மற்றவர்கள் வரும்வரை காத்திருப்போருக்கு ஒரு இசை வேண்டுமே? எங்கள் ஒழுங்கையில் பேக்கரிப் பாண் விற்க வரும் ஆட்டோவின் பாட்டைப் பிடித்துப் போட்டோம்.

ஞாயிறு வந்தது. அக்கா வைத்துவிட்டார்!

நானே தனியாகக் கோல் எடுத்தேன். "என்னக்கா, தமிழிலதானே சொன்னது?"

"அதுதான் தம்பி பயமாக் கிடக்கு. கள்ளன்கள் இப்ப தமிழும் படிச்சிட்டாங்கள்."

"அது என்ர குரலக்கா!"

"உன்ர குரலோ? நீ எப்பயடா ‘தங்களது’ எண்டு கதைச்சனீ?"

நியாயம்தானே?

அப்படியானால், எந்தக் குரலைக் கேட்டால் அக்கா போனை வைக்கமாட்டார்? யோசித்தபோது கொட்டாஞ்சேனை ஞாபகம் வந்தது. நாங்கள் வளர்ந்த ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது — பரீதா அக்கா வீட்டில். வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் எடுத்து ஆளைக் கூப்பிடச் சொல்வார்கள். பிறகு வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பார்கள். அந்த இடைவெளியில் பரீதா அக்கா வாசலுக்கு வந்து ஒரு சத்தம் போடுவார். சமையலோ குளிப்போ, போட்டது போட்டபடி ஓடவேண்டியதுதான். அத்தான் கனடாவுக்கு முதலில் போயிருந்த நாட்களில் அக்கா அப்படி எத்தனை தடவை ஓடியிருப்பார்! போய் உட்கார்ந்தால் பிளேன்டீ வரும். மணி அடிக்கும்வரை நெஞ்சும் அடிக்கும். என்ன அருமையான காத்திருப்பு அது.

பரீதா அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் கொழும்பிலேயே; ஒருவரும் வெளிநாடு போகவில்லை. நானும் ஷாலினியும் அங்கே போனோம். அவள் எழுதிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல வாசித்தார். சரிவரவில்லை.

"அக்கா, அந்தக் காலத்தில கூப்பிட்ட மாதிரிக் கூப்பிடுங்கோ" என்றேன்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். "ரோஸீ...! போன் வந்தீக்கி! ஓடி வா! ஒண்ட அமத்திட்டு உள்ளுக்கு வா!"

எதிர்வீட்டு சிங்கள அம்மா பதறிக்கொண்டு வெளியே வந்து, "மொக்கத அக்கே?" என்று, என்ன நடந்ததென விசாரித்தார். அதுவும் பதிவாகிவிட்டது. டெலிபோனில் போட்டுக் கேட்டால் குரல் கொஞ்சம் கரகரத்தது. ஃபைல் சைஸைச் சுருக்கினால் அப்படித்தான் என்று ஷாலினி கவலைப்பட்டாள். எனக்கோ பழைய வெளிநாட்டுக் கோல் போலவே இருந்தது.

அடுத்த ஞாயிறு. நாங்கள் மூன்று ஆண்களும் லைனில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். ஒரு பீப் கேட்டது.

"அக்கா?"

விசும்பல்தான் வந்தது. பிறகு, "அது பரீதாதானே? சத்தத்தைக் கேட்டோடன செருப்பைத் தேடினனான்டா..."

"ஓம், அவவேதான்" என்றார் அண்ணன்.

"அதுக்குப் பிறகு ஏதோ ஐஸ் வண்டிப் பாட்டும் கேட்டுது" என்றார் அக்கா. பாண் ஆட்டோ அவர் கனடா போன பிறகு வந்த சங்கதி. அத்தனை காலமாகிவிட்டது. விளக்கிச் சொன்னேன். அன்று வெகுநேரம் கதைத்தோம். வைக்கும்முன், "பரீதா வீட்டு நம்பர் பழசுதானோ?" என்று கேட்டார்.

மறுநாள் பரீதா அக்கா எனக்குக் கோல் எடுத்தார்.

"தம்பி, ரோஸி பேசினா. ரெண்டு பேரும் நல்லா அழுதோம். இந்த போனுக்கு எத்தின பேர நான் கூப்பிட்டீப்பேன்! எனக்கெண்டு வெளிநாட்டுலேருந்து வந்த மொத கோல் இதுதான்."

அந்த நம்பர் எங்கள் எல்லோருக்கும் இன்றைக்கும் மனப்பாடம்.