ஒரே சட்டிக் குழம்பும் அம்சவல்லியின் பிரஷரும்

செத்துப்போன அம்சவல்லியை ஒரு சிட்டிகை உப்பால் எழுப்பி உட்கார வைத்தவள் நான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவள் சாகவில்லை, என் வாசல் கேட்டைப் பிடித்தபடி சரிந்து கிடந்தாள். சிட்டிகை உப்பும் இல்லை, ஒரு சொம்பு மோர். எழுந்து உட்கார்ந்ததும் அவளாகத்தான். மோரை நீட்டிய கை என்னுடையது என்பது மட்டும் சத்தியம்.

அம்சவல்லி எனக்கு எதிர் வீடு. வயது நாற்பத்தாறு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினொரு வருட வேலை. மெயின் போர்டில் வெள்ளையாகப் பீங்கான் பியூஸ் கட்டை இருக்கிறதே, அதைப் பூச்சுக் கரைசலில் முக்கி, அடியைத் துடைத்து, பலகையில் அடுக்கி, சூளை வண்டியில் ஏற்ற வேண்டும். குந்தி உட்கார்ந்து முக்குவது. பலகையோடு எழுந்து நிற்பது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்தாள் என்று யாரும் எண்ணியதில்லை. அவள் அடுக்கிய பலகையில் ஒரு கட்டைகூட இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வெந்ததில்லை என்பார்கள். அந்த ஒரு பெயர்தான் அவளுடைய சொத்து.

புருஷன் ராஜமாணிக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பாதி நாள் வேப்பூர் சவாரி. ஆறு வருடத்துக்கு முன்னால் அவனுக்குப் பிரஷர் கூடிப்போய், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவனுக்கு மட்டும் தனியாக ஆக்கினால் மனசு நோகும், ஒரே சட்டியில் ஆக்கி நீயும் அதையே தின்றுவிடு என்று யாரோ ஒரு புத்திசாலி அம்சவல்லிக்குச் சொல்லிவைக்க, அந்த வீட்டு உப்பு ஜாடி பரணில் ஏறியது. ஊறுகாய் போனது, கருவாடு போனது. சூளையோரம் எட்டு மணி நேரம் வியர்வையாக உப்பை விட்டுவிட்டு வருகிறவள், வீட்டில் சப்பென்ற குழம்பைப் பிசைந்து தின்றாள்.

அதோடு நின்றாளா? கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். குறையைக் காகிதத்தில் எழுதி அங்கே கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவள் எழுதியது ஒரே வரி: 'எங்க வூட்டு பிரஷர் குறைய வேணும்.' யாருடையது என்று எழுதவில்லை. சாமிதான் என்ன செய்வார்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தன் எந்நேரமும் வேப்பூர் ரோட்டில். கைக்கு அகப்பட்டவளுடையதைக் குறைத்துவிட்டார். இதை நான் ஐந்தாறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

போன சித்திரையில் பலகையோடு எழுந்தவளுக்குக் கண் இருட்டியது. நாற்பத்தெட்டுக் கட்டையும் சுக்கல். அடுத்த வாரம் மறுபடியும் விழுந்தாள். தண்ணீர் தெளித்த பெண்களில் ஒருத்தி, "ஏன்டி, இந்த வயசுல முழுகாம இருக்கியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் பழமலைநாதன் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கியா. இல்லன்னா வூட்டோட கெட. நீ சூளையில வுழுந்தா நான் எங்க போயி பதில் சொல்றது?"

அன்றைக்குத்தான் என் கேட்டில் சரிந்தாள். மோர் உள்ளே போனதும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "டீச்சரம்மா, என்னைய வூட்டுல குந்த வெச்சிடுவாங்களா?"

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். நர்ஸ் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தாள், நிற்கவைத்துப் பார்த்தாள். நின்றால் இன்னும் இறங்கியது. டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டாள்.

"வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையை நீங்க எடுத்துப் போட்டுக்கறீங்களாம்மா?"

"இல்லீங்க. அவரு குழம்பத்தான் திங்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ரத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்தார்கள். வேறு கோளாறு இல்லை. கவனமாக இருந்தால் நன்றாக நடமாடலாம், உழைக்கலாம் என்றாள்; சொன்னதையெல்லாம் லெட்டரிலும் எழுதிக் கொடுத்தாள். தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர், உப்புப் போட்ட மோர், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பாடு. வெள்ளிக்கிழமைப் பட்டினி கூடாது. குந்தியிருந்து சட்டென்று எழக் கூடாது. கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விட்டு, பிடித்துக்கொண்டு நிதானமாக எழ வேண்டும். கண் மங்கினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். காலையில் வெயிலுக்கு முன் நடை. உப்பின் அளவு அவளுக்கென்று டாக்டர் சொன்னது. படிக்கிறவர்கள் யாரும் இதை நம்பி ஜாடியைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் காலையில் அவள் இரண்டு சட்டி வைத்தாள். ராஜமாணிக்கம் சத்தம் போட்டது என் வீடு வரைக்கும் கேட்டது.

"ஒனக்கு மட்டும் ருசியா ஒரு குழம்பு, எனக்கு மாட்டுக்கு வெக்கிற கழனித்தண்ணியா? இந்தக் கண்றாவியத் திங்க முடியாமத்தான் ஆறு வருசமா வேப்பூருல பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு வரேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அம்சவல்லி அவனுடைய சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அவன் உடம்புக்காக அவள் விட்ட உப்பையெல்லாம் அவன் ரோட்டோரத்தில் தின்றிருக்கிறான். அவன் பிரஷர் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

அவளுக்கு அழ நேரமில்லை. லெட்டரை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனாள். பழமலைநாதன் அதில் ஒரு வார்த்தையைத்தான் படித்தான்.

"பிரஷர்னு போட்டிருக்குதே?"

"கம்மி பிரஷருங்க."

"கூடுனா என்ன, கொறஞ்சா என்ன? பிரஷரு பிரஷருதான். போ."

இரண்டாம் நாளும் நின்றாள். மூன்றாம் நாள், ஷிப்ட் மாறும் நேரம், எல்லாப் பெண்களும் பார்க்க அவன் கத்தினான்.

"போ போன்னா வந்து வந்து நிக்கறியே, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறியா நீ?"

மானம் இருக்கிறதா என்று கேட்கிறான். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு பெண்ணைக் கேட்க முடியாது.

"ஆறு வருசமா திங்கலீங்க. இப்பத்தான் டாக்டரம்மா சொல்லி ஆரம்பிச்சிருக்கேன். லெட்டர்ல ரெண்டாவது வரி, படிச்சிப் பாருங்க."

கேட்டில் எழுந்த சிரிப்பில் அவன் முகம் கறுத்தது. படித்தான். உள்ளே விட்டான். இன்னொரு முறை விழுந்தால் அன்றோடு சரி என்றான். உட்கார ஸ்டூல் கேட்டதற்கு, "இது என்ன கல்யாண மண்டபமா?" என்றான்.

வீட்டிலிருந்து காலி பெயிண்ட் பக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இது பத்தாவது மாதம். விழவில்லை. ஒரு கட்டைகூட உடையவில்லை. அவளுக்கு இப்போது அங்கே 'உப்புக்காரி' என்று பெயர். பதினொரு வருடம் ஒட்டாமல் அடுக்கியவள் என்ற பெயர் போயே போய்விட்டது. வீட்டில் ராஜமாணிக்கம் ஒளிக்காமலே வெளியில் சாப்பிட்டு வருகிறான். அவளுக்கு மறுபடியும் ஒரே சட்டிதான், உப்புப் போட்டது. தனியாக உட்கார்ந்து தின்கிறாள்.

இவ்வளவையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டாள். கெண்டைக்காலை இரண்டு தரம் இறுக்கி விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க, டீச்சரம்மா. ஆனா சாமி மேல எதுக்குப் பழி போடறீங்க? அந்தப் பிராதுல எங்க வூட்டுக்காரரு பேரு இருந்திச்சி, நானே எழுதனேன். 'ஒரே சட்டியில ஆக்கி நீயும் அதையே தின்னுடி, அவன் மனசு நோவாது'ன்னு சொன்ன புத்திசாலி யாருன்னுதான் நீங்க எழுதல. அது நீங்கதான்."