பொட்டு வைத்த கம்ப்யூட்டர்கள்

முத்தாத்தாள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். புருஷன் மயில்சாமி ஒரு நாளாவது இருமாமல் தூங்க வேண்டும்.

நெல் மில்லில் உமித்தூசி தின்ற நெஞ்சு அது. அதோடு விட்டிருந்தால் மருந்தை வைத்துச் சமாளித்திருப்பாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் மேட்டில், பழைய இரும்பு வாங்கும் அருள்குமார் ஒயர் எரிக்கிறான். மேல்தோல் கருகினால் உள்ளே இருக்கும் செம்பு அவனுக்கு. புகை இவளுக்கு. புகை கிளம்பினால் சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிடுவாள். வார்டு மெம்பர் ஜிஷாவிடம் போனால், "சேச்சி, ஒரு பராதி எழுதித் தாங்க" என்பாள். புகார் எழுதிக் கொடுத்துக் கை சலித்ததுதான் மிச்சம். ஜிஷா நல்ல பெண். நல்லவர்கள் இருப்பதால் மட்டும் எந்த நெருப்பும் அணைந்துவிடுவதில்லை.

முத்தாத்தாளின் வேலை, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்குவது. பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனை என்று பெயர். சேனை என்றால் பச்சைக் கோட்டுப் போட்ட நாலு பொம்பளைகளும் ஒரு தள்ளுவண்டியும். மகளிர் தினத்தன்று மேடையேற்றித் துண்டு போர்த்துவார்கள். மறுநாளே அதே வாய்கள் "குப்பக்காரி வந்திருக்கறா" என்று உள்ளே குரல் கொடுக்கும். முன்பு கடலைக்காட்டில் குனிந்தவள், இப்போது சாக்குக்குக் குனிகிறாள். முட்டி இரண்டும் போய்விட்டன.

பழைய கம்ப்யூட்டர், டிவி எல்லாம் எடுக்க அந்தச் சனிக்கிழமை பஞ்சாயத்து லாரி வருவதாக இருந்தது. முறையாகப் பிரித்தெடுக்கும் கம்பெனிக்குப் போகும். எரிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே அவள் தள்ளுவண்டியோடு பொங்கியண்ணன் தோப்புக்கு நடந்தாள். அவர் மகன் கௌசிக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி, மூடிவிட்டு, கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பெட்டிகள் தேங்காய் போட்டு வைக்கும் சாளைக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. அத்தனையும் அருள்குமார் கைக்குப் போனால் ஒரு வாரத்துக்குப் புகைதான்.

"ஏனுங்ணா, அந்தக் கம்ப்யூட்டருகளக் குடுத்தீங்கன்னா பஞ்சாயத்து லாரில ஏத்தி உட்டர்றனுங்க."

பொங்கியண்ணன் கட்டிலை விட்டு எழவில்லை. "குப்ப லாரிலயா? வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம், பொட்டு வெச்சுக் கும்புட்டது அம்மிணி. சரஸ்வதியப் போயி சாக்குல கட்டுவியா?"

"வேற என்னங்க பண்ணப் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குத் தானமாக் குடுத்தரலாம்னு கௌசிக் சொன்னான்."

"ஓடுதுங்களா?"

"ஓடுனா நானே வெச்சுக்க மாட்டனா?"

தானம் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் அர்த்தம்.

"இல்லாட்டி அருளு எடுத்துக்குவான். ஒரு வெலையும் குடுக்கறான்" என்றார்.

உள்ளிருந்து அவர் மனைவி நாச்சம்மாள் சிரித்தாள். "சரஸ்வதிக்கு வெல பேசறாரு பாரு!"

"அருளு அதயக் கோயில்லயா கொண்டு போயி வெக்கறான்?" முத்தாத்தாள் களைத்துப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள். "எங்கூட்டுக்குப் பின்னால போட்டுக் கொளுத்தறானுங்ணா. நீங்க வெச்ச பொட்டெல்லாம் பொகையாகி எங்கூட்டுக்காரரு நெஞ்சுக்குள்ளதான் போகும்."

பொங்கியண்ணன் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சம்மாள்தான் ஈரத்துணியோடு வந்தாள். சாளைக்குள் போய் ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்தாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்கறயே!" என்றார் பொங்கியண்ணன்.

"லாரி நாளைக்கே வருதே, என்ன பண்ண? சரஸ்வதிக்குத் தெரியாதா? இந்தா முத்தாத்தா, இப்ப இது வெறும் டப்பா. எடுத்துட்டுப் போ."

வண்டியில் ஏற்றுவது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. காலைத் தடுக்க ஒரு ஒயர்கூடத் தொங்கவில்லை. நல்லதாய்ப் போச்சு என்று நினைத்தாள்.

சனிக்கிழமை லாரி வந்தது. போட்டோ எடுத்தார்கள். "சேச்சி, நம்ம வார்டிலதான் கூடுதல்!" என்று ஜிஷா அவள் தோளைத் தட்டினாள். முத்தாத்தாளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் டீ கொதிக்கும்போது ஒயர் கருகும் அந்த நாற்றம் வந்தது. அவள் நாச்சம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கம்ப்யூட்டருக்கு ஒயரே இல்லீங்களே?"

"அத அருளு முந்தாநேத்தே வெட்டிட்டுப் போயிட்டான். பொட்டிக்கு அப்பறமா வண்டியோட வர்றேன்னான். நீ பொட்டியத்தான கேட்ட?"

ஆமாம். பெட்டியைத்தான் கேட்டாள்.

மயில்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "லாரி போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"அப்பறம் இதென்ன பொக?"

"வாலுங்க. தலைய மட்டும் ஏத்தி அனுப்பிட்டு வந்திருக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே இருமலாயிற்று.

திங்கட்கிழமை அடுத்த வீடு. அங்கே வாயைத் திறக்கும் முன் பெட்டிக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டே முத்தாத்தாள் சாக்கை வாளித் தண்ணீரில் முக்கினாள்.