கிளி விரட்டுகிறவள் கேட்ட இரண்டாவது கேசட்

ஓடைப்பட்டியில் சுருளியின் திராட்சைத் தோட்டத்துக்குப் பவுனு கிளி விரட்டப் போனது இரண்டாயிரமாவது வருஷம். கிளி விரட்டுகிறவர்களுக்குத் தொண்டைதான் ஆயுதம். பக்கத்துத் தோட்டத்து மலையம்மாள் 'ஓகோய்' என்று ஒரு குரல் கொடுத்தால், ரோட்டில் போகிற சைக்கிள்காரன் இறங்கி நின்று திரும்பிப் பார்ப்பான். பவுனுக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி இடித்துக்கொண்டு முன்னால் போனாலும் ஒரு அடி பின்னால் நகர்ந்து கொடுக்கிறவள் அவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதே, வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதால்தான் என்று அவள் புருஷன் கேலி செய்வான். அது பாதி நிஜம்.

அதனால் தகரத்தைத் தட்டினாள். இரண்டு நாளில் கிளிகளுக்கு அது பழகிவிட்டது. தகரம் அதிர அதிர, பந்தலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழத்தைக் கொறித்தன.

கண் மட்டும் அவளுக்குக் கூர்மை. எந்தக் கிளி முதலில் வந்து பந்தலைத் தாங்குகிற கல்லுக்காலில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும், எது போய் மற்றதைக் கூட்டி வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்த வெள்ளாமை முடிந்ததும் பவுனை நிறுத்திவிடுவது என்று சுருளி முடிவு செய்திருந்தார்.

அப்போதுதான் அவருடைய அக்காள் மகன் விஜயகுமார் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டுப் போனான். விஜயகுமார் தேனியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கூடப் படித்த மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தான். குழுவின் பெயர் 'பாடை டிராவல்ஸ்'. அவர்கள் பாடியது டெத் மெட்டல். அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டே சாவையும் பிணத்தையும் பாடுகிற மேல்நாட்டுப் பாட்டு. அங்கேயெல்லாம் அதை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பாடுவார்களாம். இந்த நான்கு பேரும் அதே உறுமலில் சிரிப்புப் பாட்டு பாடினார்கள். முதல் கேசட்டுக்குப் 'போக மட்டும்' என்று பெயர் வைத்தார்கள். ஹாஸ்டல் பையன்கள் சிரித்தார்கள். கடைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. மிச்சமெல்லாம் மாமனின் மோட்டார் ரூமுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் சுருளி விளையாட்டாக ஒன்றை எடுத்துப் போட்டு, திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் அலறவிட்டார். ஒரே எழும்பல். பந்தலிலிருந்த அத்தனை கிளியும் பச்சைத் துணியை உதறியதுபோல மேலே போய்விட்டன.

மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சாண்டி சண்டைக்கு வந்தார். "ஏம்ப்பா சுருளி, எமனக் கூட்டியாந்து மோட்டார் ரூம்ல கட்டிப் போட்டுருக்கியா? ஒன் கிளியெல்லாம் என் பந்தல்ல பந்தி போட்டுத் திங்கிது!"

"நீயும் ஒரு கேசட்டு வாங்கிக்கிறு. பெட்டி நெறயா கெடக்கு."

இப்படித்தான் பவுனின் வேலை போகாமல் நிலைத்தது. காலையில் இரண்டு பக்கமும், சாயந்தரம் இரண்டு பக்கமும் போடவேண்டும். பாட்டு நிற்கிற இடங்களில் தகரம் தட்டவேண்டும். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

அதை அவள் காது கொடுத்துக் கேட்பாள் என்று யாரும் நினைக்கவில்லை, அவள் உட்பட. முதல் மாதம் அது குமுளி மலையில் லோடு லாரி முதல் கியரில் ஏறுகிற சத்தமாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து 'அப்பளம்' என்று ஒரு சொல் எழும்பி வந்தது. பவுனு நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கல்யாணப் பந்தியில் இரண்டாவது வரிசைக்கு அப்பளம் கிடைக்காமல் செத்துப்போனவனின் பாட்டு. ஒரு உயிரைக் கொண்டுபோக வந்த எமன், சர்க்கரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ரேஷன் வரிசையில் நின்றுவிடுகிற பாட்டு. ஒரு வருஷத்தில் கேசட் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பந்தலடியில் தனியாக நின்று சிரிப்பாள்.

கூட வேலை பார்க்கிற ராஜாத்திக்கு அது புரியவில்லை. "என்ன மதினி, தன்னால சிரிக்கிற? பந்தலுக்குள்ள முனி கினி அடிச்சிருச்சா?"

பவுனு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அந்தக் கேசட்டின் கடைசியில் ஒரு குரல், 'ரிட்டன் வண்டி உண்டு, யாரும் டிக்கெட்டத் தூக்கிப் போட்றாதீங்க' என்று உறுமிவிட்டு நிற்கும். மூன்று வருஷமாகப் பவுனு அந்த வண்டிக்காகக் காத்திருந்தாள்.

இரண்டாயிரத்து நான்கு மாசி மாதம் வண்டி வந்தது. பழம் இனிப்பு ஏறித் தொங்கிய நேரம். வெள்ளிக்கிழமை வியாபாரி வந்து பார்த்துவிட்டு வெட்டுவதாகப் பேச்சு. புதன்கிழமை மத்தியானம் விஜயகுமார் மொபெட்டில் இன்னொரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். படிப்பு முடிந்து, மதுரையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"ரெண்டாவது கேசட்டு மாமா. 'ரிட்டன்'னு பேரு. மொத கேசட்டக் கேட்டுச் சிரிச்ச பயலுகளுக்குக்கூட இது பிடிக்கல. சிரிப்பே வரலையாம். ஒங்க கிளிக்காச்சும் ஆகட்டும்."

"வையி, வையி. அங்கன சாக்குக்குப் பக்கத்துல வையி. பழசு இழுத்து இழுத்துப் பாடுது."

பந்தலுக்குள் நின்ற பவுனு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் காய்ப்பு வெல்லமாக இருந்த கொடி, அடுத்த காய்ப்பில் புளிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அன்று சாயந்தரம் புதியதைத் தொடாமல் பழசையே போட்டாள்.

வியாழக்கிழமை விடியும்போது புதியதைப் போட்டாள்.

இந்தத் தடவை தனித்தனிப் பாட்டு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே கதை. செத்துப்போன ஒருத்தன் மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்புகிறான். சுடுகாட்டு நிறுத்தத்தில் எந்தப் பஸ்ஸும் நிற்கமாட்டேன் என்கிறது. நடந்தே வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறான். அவனுக்கு இப்போது இருப்பது அந்த உறுமல் குரல் ஒன்றுதான். வீட்டுக்குள்ளே பெண்டாட்டி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, 'மோட்டாரு ஏர் பிடிச்சிருச்சு போல' என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுமேட்டுக்குப் போய், அடைத்த காற்று வெளியேற மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அவன் பின்னாலேயே போய் மறுபடியும் கூப்பிடுகிறான். அவள் இன்னொரு குடம் ஊற்றுகிறாள்.

பவுனு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்கழுத்தில் சிலிர்த்தது. அந்தக் குரலுக்கு என்ன ஆயிற்று? முன்பு அது ஆளைப் பயமுறுத்தியது. இப்போது இன்னும் கீழே இறங்கி, நிலத்துக்கடியில் இருநூறு அடியில் தண்ணீர் புரள்வதுபோல வந்தது. இத்தனை பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் இத்தனை மெதுவாகக் கெஞ்ச முடியுமா? ஒரு மனிதனின் தொண்டைக்குள் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? கிடார் நின்றது. கொட்டு நின்றது. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு தூரத்தில், மூச்சு விடுகிற மாதிரி, அதே உறுமல் வந்தது. அவளுக்குச் செத்துப்போனவர்கள் என்று நெருக்கமாக யாரும் இல்லை. ஆனாலும் எழுந்து போய் யாருக்கோ கதவைத் திறந்துவிட வேண்டும் போலிருந்தது.

சத்தம் அடங்கிய அந்த இடத்தில்தான் முதல் கிளி வந்து கிழக்கு ஓரத்துக் கல்லுக்காலில் உட்கார்ந்தது. பவுனு பார்த்தாள். அது போய்க் கூட்டி வந்ததையும் பார்த்தாள். பத்து, முப்பது, ஒரு கூட்டமே வந்து இறங்கியது. தகரம் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்துத் தட்டினால் பாட்டு கேட்காது. அவள் குனியவில்லை.

எட்டு மணிக்குச் சுருளி வந்தார். கிழக்கு ஓரத்து மூன்று வரிசையில் குலை குலையாகக் கொறித்துத் தள்ளியிருந்தது. கீழே மண் தெரியவில்லை, அத்தனையும் பழத்தோல். அவர் பின்னால் வந்த விஜயகுமார் மொபெட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"நாளைக்கு யாவாரி வாராக பவுனு. இதையவா நான் காட்டுறது?"

பவுனு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூங்கிட்டியா?"

ராஜாத்தி பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். "காச்சல்னு சொல்லு மதினி, காச்சல்னு சொல்லு."

"தூங்கல மொதலாளி. காச்சலும் இல்ல. கிளி வந்ததப் பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். பாட்டக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எந்தப் பாட்ட?"

அவள் மோட்டார் ரூமைக் காட்டினாள். சுருளிக்குக் கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "இதையா? ஏத்தா, இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? எரும மாடு கெணத்துக்குள்ள விழுந்தாப்புல கெடக்கு! சொல்லு பாப்பம். சொல்லலைன்னா நாளைலருந்து மலையம்மா மகளக் காவலுக்குக் கூப்பிட்டுக்கிர்றேன்."

அன்றுவரை அந்தத் தோட்டத்தில் பவுனு சேர்ந்தாற்போல நான்கு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. இப்போது பேசினாள். கண்ணை மட்டும் மண்ணிலேயே வைத்துக்கொண்டாள். செத்தவன் நடந்து வந்தது, தம்பிக்காரன் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவது, தன் கருமாதி விருந்திலேயே அவனுக்கு 'அடுத்த பந்தியில வாப்பா' என்று சொல்லிவிடுவது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கடைசீல அவன் பொண்டாட்டி மறதியா ரெண்டு டீ போட்டுர்றா மொதலாளி. ஒன்ன என்ன செய்யன்னு தெரியாம அவன் போட்டோக்கு முன்னால வைக்கிறா. இவன் பக்கத்துல வந்து நிக்கிறான். குடிக்க முடியல. ஆவி மட்டும் மூஞ்சில அடிக்கிது. எம்புட்டு நேரமோ பேசாம நிக்கிறான். அப்பறம் மெதுவாச் சொல்றான், 'சீனி கம்மி'ன்னு. அவ திரும்பிப் பாக்குறா. அவளுக்குக் கேட்டுருது." பவுனு மூச்சு வாங்கினாள். "அதுக்குத்தான் நான் தகரத்த எடுக்கல. எடுத்திருந்தா அவ திரும்பிப் பாத்தது எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ராஜாத்தி கிள்ளிய கையை இன்னும் எடுக்காமல் நின்றாள்.

"ஏலே குமாரு," என்றார் சுருளி. "அதுல இதெல்லாம் நெசமாவே இருக்கா?"

விஜயகுமார் தலையை ஆட்டினான். அவன் முகத்தைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. "இம்புட்டும் இருக்கு மாமா. கூடப் பாடுன பயலுகளுக்கே பாதி வரி புரியல." பிறகு பவுனிடம் திரும்பினான். "எத்தனை வாட்டி கேட்டீக அக்கா?"

"ஒரே வாட்டிதேன் தம்பி. மொத கேசட்டுதேன் மூணு வருசமாக் கேட்டேன். ஒங்க பேச்சு பழகிருச்சு."

"எது நல்லாருக்கு? பழசா, புதுசா?"

"பழசு சிரிக்க வச்சுச்சு தம்பி. இது சிரிக்க வச்சுட்டு ஆளப் போகவிட மாட்டேங்குது." சற்று யோசித்தாள். "கருமாதி வர்ற எடத்துல மட்டும் கொட்டடிக்கிற தம்பி அவசரப்படுறாரு. விருந்து வேகிறதுக்கு முன்னாடியே எலைய எடுக்குறாப்புல."

விஜயகுமார் வாய்விட்டுச் சிரித்தான். "நானும் இதத்தான்க்கா சொன்னேன், கேக்கல அந்தப் பய!"

சுருளிக்கு இன்னும் பாதி நம்பிக்கை வரவில்லை. மோட்டார் ரூமுக்குப் போய், கேசட்டைத் திருப்பி முதல் பக்கத்தைப் போடச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி கேட்டார். பவுனு பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஏர் பிடித்த மோட்டார் வந்தது. முந்தின வருஷக் கோடையில் தன் மோட்டாருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி இடுப்பு ஒடிந்தவர் அவர். 'அடப் பாவி' என்று தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கிழக்கு வரிசைகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. முகம் மறுபடியும் முதலாளியாயிற்று.

"இங்க பாரு பவுனு. கிளி எறங்குற நேரத்துக்குக் காலைலயும் சாயந்தரமும் பழசுதேன். இத உச்சிக்குப் போட்டுக்க, கிளியெல்லாம் புளியமரத்துல அடஞ்ச பெறகு. இன்னொரு தடவ இப்படிப் பாத்துக்கிட்டு நின்ன, அன்னைக்கே அனுப்பிருவேன். அந்தக் கொறிச்ச குலையெல்லாம் இன்னைக்கு நீயும் ராஜாத்தியும் வெட்டி எடுத்து, வரிசையச் சுத்தம் பண்ணிரணும்."

"செஞ்சிர்றோம் மொதலாளி."

"நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள் ராஜாத்தி.

சொல்லிவிட்டாரே தவிர, சுருளி கிளம்பவில்லை. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ரூம் படியில் சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இப்ப என்ன சொல்றான்?" என்று கேட்டார். பவுனு சொன்னாள். "இப்ப?" அதையும் சொன்னாள். முதல் பக்கம் முடிந்து, விஜயகுமார் போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்தான். கருமாதி முடிந்தது. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வந்தது.

"அந்த டீ எப்பத்தா வரும்? இது இப்ப என்..."

பவுனு கையை உயர்த்தினாள்.

"வரும். கொஞ்சம் பேசாம இருங்க மொதலாளி."

ராஜாத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுருளி வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார்.