பாயிஸா படிக்கு நாலு விரல் கீழே

1937 பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை, என் தகப்பனார் மூக்கையா இடுப்பளவு தண்ணீரில் நின்று கண்டிக் குளத்து அளவுக் கம்பத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். நான் கரையில் மட்டம் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு, கோடு எங்கே விழவேண்டும் என்று சொன்னேன்.

"இன்னும் ஒரு நூல் மேல."

"ஒரு நூல் கொறஞ்சா மீன் கோவிச்சுக்குமா?" என்றார். ஆனாலும் மேலே தள்ளித்தான் போட்டார்.

ஐந்தாம் அடியோடு பெயின்ட் தீர்ந்துவிட்டது. "மிச்சத்துக்கு நாளைக்கு வாங்கியாறேன்" என்று கரையேறினார். அன்றிரவே காய்ச்சல். வெள்ளிக்கிழமை இறந்தார்.

தெல்தோட்டையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் டவுனுக்கு வந்து குளத்துக் காவலரானார். பாசி அள்ளுவார், மதகு திறப்பார். பொழுது சாய்ந்ததும் நீர்மட்டம் பார்த்து, காலையில் கந்தோருக்குத் துண்டு எழுதி அனுப்புவார். முப்பது வருடம் இதே வேலை.

அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது. புசல்லாவையில் இருந்த அத்தைக்கு ஆண்பிள்ளை இல்லை, என்னைக் கேட்டாள். கொடுத்துவிட்டார். தங்கை வடிவம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டார். எனக்கு அங்கே பள்ளிக்கூடம், பிறகு கொழும்பில் நில அளவைப் படிப்பு. அவர் வேலை பார்த்த கந்தோரிலேயே எனக்கும் வேலை கிடைத்துக் கண்டிக்குத் திரும்பியபோது இருபத்தாறு வயது. அதற்குள் வடிவம்மாவுக்கு மூன்று பிள்ளைகள்.

1936 பங்குனியில் ஒரு காலை, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒரு துண்டை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, பாயிஸா எண்டா எத்தினை அடி?"

துண்டில் தகப்பனாரின் கையெழுத்து: 'பாயிஸா படிக்கு நாலு விரல் கீழே.'

"உங்கட அப்பாவின்ர கணக்கு. துரை கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

கந்தோரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாயிஸா யார் என்றே எனக்குத் தெரியாது.

அன்று மாலை அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்பிட்டிய ரோட்டுப் பக்கம், குளத்துக்குள் இறங்கும் கருங்கல் படிகளில் அவர் உட்கார்ந்திருந்தார். தங்கை பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கு ஒருவராக அவரைச் சுற்றி. வெயில் காலத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குள் படுக்க முடியாது. சோறு தின்றதும் எல்லோரும் இங்கே வந்துவிடுவார்கள்.

"அப்பா, அந்தா கபரகொய்யா!" என்று ஒரு சிறுமி கத்தினாள். கரையிலிருந்து ஒரு பெரிய நீர் உடும்பு கனமாகத் தண்ணீரில் விழுந்தது. அவள் என் தகப்பனாரின் தோளைக் கட்டிக்கொண்டாள். அவள்தான் பாயிஸா, பக்கத்து வீட்டு சாஹுல் ஹமீதின் மகள். அவர்கள் வீட்டில் தகப்பன் 'வாப்பா'. 'அப்பா' என்றால் பாட்டன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுட்டது. புசல்லாவையிலிருந்து வந்த நாள் முதல் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

ஏன் அடியில் எழுதவில்லை என்று தகப்பனாரைக் கேட்டேன். இருட்டில் கம்பம் கண்ணுக்குத் தெரியாது, படி காலுக்குத் தெரியும் என்றார். தண்ணீர் இறங்கிப் புதிதாக ஒரு படி தெரிந்தால், அதில் முதலில் கால் வைக்கும் பிள்ளைக்கே அந்தப் படி. பேரும் அந்தப் பிள்ளையின் பேர்தான். நீர்மட்டத்தையும் அப்படியே எழுதிவிடுகிறார்.

"பேரைச் சொல்லுங்க. அடிக் கணக்குப் போட்டுத் தாறேன்" என்றேன்.

மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கோலை வைத்து எழுதினேன். ஆறு பிள்ளைகள், கடைசியாகப் பாயிஸா. அன்றுதான் வெளியே தெரிந்த ஏழாவது படி, கறுப்பி.

"அது யாரு?"

"எங்க ஆடு!" என்றாள் பாயிஸா. "தண்ணி குடிக்கப் போய் வழுக்கி விழுந்திச்சி."

"ஆட்டுக்கெல்லாமா படி?"

"அதுவும் வந்துச்சில்ல" என்றார் தகப்பனார்.

அவர் குத்திப் பேசும் மனிதர் அல்ல. ஆனால் குத்தியது. நான் உட்காரப் போனேன்.

"மாமா, அது தம்பி படி" என்றாள் தங்கை மகள் சீதா. "நீங்க ரோட்டுல நில்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும். பிறகு சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள்ல எட்டாவது தெரியும். நீ வா."

நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். வேலை இருக்கவில்லை. ஆட்டுக்கு அடுத்த இடம் எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். அந்த வாரம் மழை பிடித்தது. படிகள் ஒவ்வொன்றாக மூழ்கின.

அந்த இரவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சீதா சொன்னதுதான். சுட்ட பலாக்கொட்டையை வேட்டி மடியில் கட்டி வருவாராம். மின்மினியை உள்ளங்கையில் பொத்தி, விரலிடுக்கு வழியே காட்டுவாராம். யாராவது தூங்கிவிட்டால், கால் தண்ணீரில் படாமல் தூக்கி மேல் படியில் கிடத்துவாராம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். சில சமயம் நானே பார்த்ததுபோலச் சொல்லிவிடுகிறேன். சீதா உடனே திருத்துவாள்: "நீங்க எங்க மாமா இருந்தீங்க?"

காரியம் முடிந்த மறுநாள் அவர் கோட்டுப் பையில் ஒரு துண்டு கிடைத்தது. காய்ச்சலில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல சீதா எழுதியது. 'வெள்ளை பெயின்ட் ஒரு டின், கம்பத்துக்கு. சிவப்பு சின்ன டின், படியில பேர் எழுத. ஏழு பேர்.'

எட்டு என்று இருக்குமோ என்று இன்னொரு தரம் பார்த்தேன். ஏழுதான்.

வெள்ளை வாங்கிக் கம்பத்தை முடித்துவிட்டேன். ஒரு நூல் பிசகவில்லை. சீதா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு எங்க மாமா?"

"நாளைக்கு" என்றேன்.

அது நடந்து மூன்று வாரம். சிவப்பு இன்னும் வாங்கவில்லை.